தாயக்கட்டை உருட்டிப் பிரெஞ்சு

காரைக்குடிப் பக்கம் பள்ளியில் பிரெஞ்சு நடத்துகிறவர்களுக்கு ஒரு யோசனை. எண்களை ஒப்பிக்க வைக்காமல் வகுப்புக்குத் தாயக்கட்டையைக் கொண்டு போங்கள். வீட்டுப் பரணில் இல்லையென்றால் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழைய பொருள் கடைகளில் தேடலாம்.

ஜோடிக் கட்டையில் விழுவது 1 முதல் 6 வரை, அப்புறம் 12. அன், தெ, த்ருவா என்று விழுந்ததைப் பிரெஞ்சில் சொன்னால்தான் காய் நகரும். கட்டங்களையும் வாய்விட்டு எண்ண வேண்டும்.

இது பழகியதும் கட்டங்களில் கதவு, தூண், சன்னல் என்று படம் ஒட்டுங்கள். காய் நின்ற படத்தைப் பற்றி ஒரு வாக்கியம். வெட்டு விழுந்தால் வெட்டுகிறவர் பிரெஞ்சில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். சரியாகப் பதில் சொன்னால் காய் பிழைத்தது. பிள்ளைகள் நிஜமாகப் பேசுவது இந்த இடத்தில்தான். காயைக் காப்பாற்ற வராத இலக்கணமும் வரும்!

நான்கு பேருக்கு ஒரு தாயக்கட்டம் போதும், தரையில் சாக்பீஸால் வரையலாம். தாயம், அதாவது ஒன்று, விழுந்தால்தான் காய் இறங்கும் என்ற விதியை மட்டும் விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பாதி பீரியட் அதற்கே போய்விடும்.