நூறு நாள் வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி: நிதி ஒதுக்கும்போது நடக்கும் தவறுகள்

நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு கைத்தொழில் கற்றுக் கொடுக்கலாம் என்று ஊராட்சியோ தொண்டு நிறுவனமோ நிதி திரட்டும்போது, பட்ஜெட் என்ற பெயரில் முதலில் வருவது பயிற்சி தருபவரின் கொட்டேஷன்தான். பயிற்றுநர் சம்பளம், மண்டப வாடகை, சான்றிதழ், நிறைவு விழா பேனர் எல்லாம் இருக்கும். கற்க வருகிற பெண் இழக்கும் கூலி மட்டும் இருக்காது. பெரிய தவறு இதுதான்.

தமிழ்நாட்டில் இந்த வேலையில் 100க்கு 85 பங்குக்கு மேல் பெண்கள். 2025-26க்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். செய்த வேலையை அளவெடுத்துக் கணக்குப் போட்டால் கைக்கு வருவது இன்னும் குறையலாம். காலையில் ஏரிக்கரையில் பணித்தளப் பொறுப்பாளர் வருகைப் பதிவுக்காகச் செல்போனில் போட்டோ எடுக்கும்போது அந்தப் பெண் அங்கே இருந்தாக வேண்டும். தையல் வகுப்பும் அதே நேரத்தில் என்றால் எதை விடுவார்? வகுப்பைத்தான். முதல் வாரம் நிரம்பி வழிந்த கூடம் மூன்றாம் வாரம் காலியானால், "இவங்களுக்கு அக்கறை இல்லை" என்று அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். உதவித்தொகை, பஸ் காசு, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் ஆகிய மூன்றையும் முதலில் எழுதிவிட்டு, மிச்சத்தில் மண்டபம் பிடியுங்கள். பணம் போதவில்லையா? வேலை இல்லாத மாதத்தில் வகுப்பை வையுங்கள்.

உதவித்தொகை விஷயத்தில், நூறு நாள் வேலைக் குடும்பங்களுக்குத் தொழில் பயிற்சி தருவதற்கான மத்திய அரசின் உன்னதி திட்டம் சரியாகவே யோசித்தது. 2019 டிசம்பரில் தொடங்கிய அதில், கூலிக்கு ஈடான தொகை அதிகபட்சம் 100 நாளுக்கு உண்டு. செலவு முழுவதும் மத்திய அரசுடையது. மூன்று ஆண்டில் 2 லட்சம் பேர் என்பது இலக்கு. அதில் பாதியைக்கூட எட்டவில்லை. தகுதி விதியைப் பார்த்தாலே காரணம் ஓரளவு புரியும்: குடும்பம் 100 நாள் முடித்திருக்க வேண்டும், பயிற்சிக்கு வருபவர் 18 முதல் 45 வயதுக்குள் இருக்க வேண்டும். நாடு முழுவதும் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சராசரியாகக் கிடைப்பதே சுமார் 50 நாள்தான். நம் ஊர்களில் மண்வெட்டியோடு நிற்பவர்களில் பலர் 50 வயதைத் தாண்டியவர்கள். அப்புறம் யார்தான் மிஞ்சுவார்கள்?

இதில் பலர் கவனிக்காத ஒன்று, வேலை செய்தவரேதான் பயிற்சிக்கு வரவேண்டும் என்பதில்லை. அந்தக் குடும்பத்தின் வயதுவந்த ஒருவர் வரலாம். அம்மா வேலைக்குப் போய்க் குடும்பத்தின் 100 நாள் முடிந்திருந்தால் மகளை அனுப்பலாம். சொந்த நிதியில் நடத்துபவர்கள் அரசின் வயது வரம்பை அப்படியே நகலெடுப்பதுதான் எனக்குப் புரிவதில்லை. 48 வயதுக்காரர் ஆடு வளர்க்க மாட்டாரா, காளான் போட மாட்டாரா?

இலவசமாகக் கிடைப்பதற்குக் காசு கொடுப்பது இன்னொரு தவறு. மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம், அதாவது ஆர்செட்டி, இருக்கிறது. 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய நிலையம்தான் இதற்கு முன்மாதிரி. பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். முடிந்தபின் இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்து, கடனுக்கும் வழிகாட்ட வேண்டும் என்பது ஆர்செட்டியின் விதி. அதே தையலை நீங்களும் காசு கொடுத்து நடத்துவானேன்?

அந்தக் காசுக்கு வேறு வேலை இருக்கிறது. ஒரு லைனிங் ஜாக்கெட்டைக் கழுத்துப் பட்டி சுருங்காமல் தைக்கக் கை பழக வேண்டும். அதற்கு வீட்டில் மெஷின் வேண்டும். வகுப்பில் மட்டும் மிதித்தவர் சான்றிதழை பீரோவில் வைத்துவிட்டு ஏரி வேலைக்கே திரும்புகிறார். நிதியில் ஒரு பங்கை மெஷினுக்கும் நூல், துணிக்கும் ஒதுக்கிவையுங்கள். துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் ஐந்து பேருக்கு ஒன்று பொதுவாக இருந்தாலே போதும்.

வேலை அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர் என்றால் உதவித்தொகை வழியிலேயே நின்றுவிடும். இதை வகுப்பு தொடங்குமுன் பார்த்துவிட வேண்டும்.

2025 டிசம்பரில் வந்த புதுச் சட்டம் ஒரு குடும்பத்துக்கான ஆண்டு வேலை நாள் கணக்கை 100இலிருந்து 125 ஆக்கியிருக்கிறது. பயிற்சிக்கான தகுதியையும் யாராவது 125 நாள் என்று எழுதினால், கிராம சபையில் எழுந்து கேள்வி கேளுங்கள்.