காலையில் சோக் இழுத்தும் நின்றுபோகும் பழைய கார்: ஏர் ஸ்க்ரூவைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

பெங்களூரில் டிசம்பர், ஜனவரி வந்துவிட்டால் பழைய கார்ப் வண்டி (கார்ப் என்றால் கார்புரேட்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வைத்திருக்கும் நண்பர்களிடமிருந்து எனக்கு ஒரே மாதிரி போன் வரும். சோக் இழுத்து செல்ஃப் அடித்தால் உடனே பிடிக்கிறது, இரண்டு வினாடி ஓடுகிறது, அப்புறம் கறுப்புப் புகையைக் கக்கிவிட்டு நின்றுவிடுகிறது. இதைக் கேட்டதும் முக்கால்வாசிப் பேர் செய்வது, ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கார்பில் அந்தக் கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவைத் திருகுவது. தயவுசெய்து அதை முதலில் செய்யாதீர்கள். போன வாரம் வரை ஒழுங்காக ஓடிய வண்டியில் அந்த ஸ்க்ரூ தானாகத் திரும்பியிருக்க வாய்ப்பு குறைவு. அதே கார்பில் இருக்கும் ரப்பர் கிழிந்திருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம்.

சோக் என்பது கார்பின் வாயில் இருக்கும் ஒரு தகடு. எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது காற்றை மறைத்து பெட்ரோலை அதிகமாக இழுக்க வைக்கும். ஆனால் எஞ்சின் பிடித்த அதே நொடியில் கொஞ்சம் காற்று உள்ளே போயாக வேண்டும், இல்லாவிட்டால் பிளக் நனைந்துவிடும். இதற்காகப் பல கார்புகளில் பக்கவாட்டில் சின்னதாக ஒரு தகர டப்பி வைத்திருப்பார்கள். உள்ளே ரப்பர் டயாபிரம் என்னும் மெல்லிய சவ்வு, வெளியே மேனிஃபோல்டிலிருந்து (கலவை எஞ்சினுக்குள் போகும் குழாயிலிருந்து) வரும் மெல்லிய ஹோஸ். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் அந்தக் குழாயில் உண்டாகும் வேக்குவம், அதாவது காற்றை இழுக்கும் உறிஞ்சல், டயாபிரத்தை இழுக்கும், அதோடு சேர்ந்த கம்பி தகட்டைச் சில மில்லிமீட்டர் திறந்துவிடும். டயாபிரம் கிழிந்தால் இரண்டு கோளாறு சேர்ந்து வரும். காலையில் தகடு திறக்காததால் பெட்ரோல் ஏறிவிடுகிறது. வண்டி சூடான பிறகு அதே கிழிசல் வழியாகத் தேவையில்லாத காற்று உள்ளே போய் ஐடில் (ஆக்ஸிலேட்டர் மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் ஓட்டம்) ஆடுகிறது. காலைக் கோளாறுக்காக ஸ்க்ரூவைத் திருகினால் மதியம் மோசமாகும், மதியத்துக்காகத் திருகினால் அடுத்த நாள் காலை ஸ்டார்ட்டே ஆகாது. ஒரு மாதம் முழுக்க இப்படியே அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். (சில பழைய சோலெக்ஸ் கார்புகளில் சோக் தகடே கிடையாது, ஸ்டார்ட் செய்யத் தனி வழி இருக்கும். உங்களுடையது எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.)

டயாபிரத்தைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். டப்பியிலிருந்து ஹோஸைக் கழற்றி, சுத்தமான டியூப் ஒன்றை மாட்டி வாயால் இழுத்து, நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். கம்பி உள்ளே போய் அப்படியே நிற்க வேண்டும். மெதுவாகத் திரும்பி வந்தாலும் பெரும்பாலும் ரப்பர் போய்விட்டது என்றுதான் அர்த்தம். இங்கேதான் சிலர் கம்ப்ரஸர் காற்றை அடித்துப் பார்க்கிறார்கள். நல்ல டயாபிரமும் அதில் கிழிந்துவிடும். கார்ப் கிளீனரைக் கண்ட இடமெல்லாம் அடிப்பதும் அப்படித்தான், ஜெட்டுக்கு (பெட்ரோல் வரும் சின்னத் துளைக்கு) நல்லது, ஆனால் ரப்பர் ஊறிப் பொதபொதவென்று ஆகிவிடும். கழற்றிக் கழுவுவதென்றால் டயாபிரத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் கழுவ வேண்டும்.

ஹோஸ் விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். என் 1994 வண்டிக்கு கார்பையே மாற்ற வேண்டும் என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவிட்டார்கள். மனசு கேட்காமல் பழைய ஹோஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு, பெங்களூரில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோடு போனேன். கடையில் இருந்தவர் அதைக் கையில் வாங்கி, முனையை லேசாக வளைத்துக் காட்டினார். கிளிப் இறுக்கிய இடத்துக்குக் கீழே நகக்கீறல் மாதிரி ஒரு வெடிப்பு, நேராகப் பிடித்தால் கண்ணுக்கே தெரியாது. “அண்ணே, இது மீன் தொட்டிக்குப் போடுற டியூபு. சூட்டுல மெத்துனு ஆகி உள்ள ஒட்டிக்கும், ஆறினா வெடிக்கும்” என்றார். வேக்குவம் ஹோஸ் என்று கேட்டு, உள்விட்டம் சரிபார்த்து, கையளவு நீளம் வாங்கி மாட்டியதோடு ஐடில் ஆட்டம் நின்றுவிட்டது. பெட்ரோல் ஹோஸை இதற்குப் போடுவது, சைக்கிள் டியூப் துண்டைச் செருகுவது எல்லாம் இதே ரகம்தான். பழைய ஹோஸ்களைக் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் கார்பில் இருக்கும் முனைகள் எல்லாம் ஒன்று போலவே தெரிந்தாலும் சிலவற்றில் ஐடிலிலேயே வேக்குவம் இருக்கும், சிலவற்றில் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால்தான் வரும், டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் பாகத்துக்கு) போக வேண்டியதைச் சோக் டப்பிக்கு மாட்டிவிட்டால் இரண்டுமே கெட்டுவிடும்.

வேக்குவம் கேஜ் (உறிஞ்சலைப் பாதரச அங்குலத்தில் காட்டும் மீட்டர்) வைத்துப் பார்ப்பவர்களுக்கு நம் ஊரில் ஒரு தனிக் குழப்பம் உண்டு. நல்ல எஞ்சின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் காட்ட வேண்டும் என்று புத்தகங்களில் போட்டிருப்பது கடல் மட்டக் கணக்கு. பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு அங்குலம் குறையும், ஆகவே இங்கே 15 அங்குலத்தில் முள் ஆடாமல் நின்றால் அது நல்ல எஞ்சின்தான். இது தெரியாமல் இல்லாத லீக்கைத் தேடி மேனிஃபோல்டைக் கழற்றியவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் ட்யூன் செய்த வண்டி இங்கே வந்தால் காற்று மெலிந்திருப்பதால் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகவே போகும்.

லீக் தேடுவதற்கு ஓடும் எஞ்சின் மேல் ஸ்ப்ரே அடித்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. சூடான சைலன்சர் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், விளையாட்டு இல்லை. ஒரு மீட்டர் ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, ஃபேன் பெல்ட்டுக்கு எட்டாமல் மறுமுனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள். உஸ்ஸென்ற சத்தம் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். கார்ப் உட்காரும் பேக்கிங்கில் சத்தம் கேட்டால் நட்டை இன்னும் இறுக்காதீர்கள், அடிப்பாகம் வளைந்துவிடும்; பேக்கிங்கை மாற்றுங்கள். பிரேக் பூஸ்டருக்கு (பிரேக் மிதிப்பதை லேசாக்கும் டப்பாவுக்கு) போகும் தடித்த ஹோஸையும் விட்டுவிடாதீர்கள். அதில் லீக் இருந்தால் ஐடில் ஆடுவதோடு பிரேக்கும் மிதிக்க முடியாமல் கல்லாகிவிடும்.

இன்னொன்று, கையால் இழுக்கும் சோக்கில் கேபிள் துருப்பிடித்து, நாப் உள்ளே போனாலும் தகடு பாதியில் நின்றுவிடும். வாரக்கணக்கில் அப்படியே ஓட்டினால் பெட்ரோல் ஆயிலில் இறங்கும். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலையும் மாற்றியாக வேண்டும்.

எல்லாம் மாட்டிய பிறகு, எஞ்சின் நன்றாகச் சூடானதும்தான் ஏர் ஸ்க்ரூவுக்கு முறை வரும். மறுநாள் காலை ஏர் கிளீனர் மூடியைத் திறந்து வைத்து, வீட்டில் யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, முகத்தை நேராகக் கொண்டுபோகாமல் பக்கத்திலிருந்து பாருங்கள். முழுசாக மூடியிருந்த தகடு, எஞ்சின் பிடித்ததும் வெடுக்கென்று கொஞ்சம் திறந்தால் மூடியை மாட்டிவிடலாம்.