ஸ்கீ பூட்ஸ எங்க உக்காந்து மாட்டுறது: கார்லயா, லாட்ஜ்லயா?

அமெரிக்காவுல கொலராடோவோட டென்வர்ல இருந்து முதல்தடவ ஸ்கீயிங் போறவங்க எல்லாரும் எந்த ஜாக்கெட் வாங்கலாம், ஸ்கீ வாடகைக்கு எடுக்கலாமா வேணாமான்னுதான் கேக்கறாங்க, பூட்ஸ எந்த இடத்துல உக்காந்து மாட்டணும்னு ஒருத்தர்கூட கேட்டதில்ல. ஆனா சனிக்கிழம காலைல எந்த மலையோட பார்க்கிங்லயும் போய் பாருங்க, ஒருத்தர் ஒத்தக்கால்ல கொக்கு மாதிரி நிப்பாரு, இன்னொரு கால் பூட்ஸுக்குள்ள பாதி போய் மாட்டிட்டு நிக்கும், சாக்ஸ் பனில நனைஞ்சுட்டு இருக்கும். அந்த ஆளு நாந்தான், நாலு வருஷம் முன்னாடி.

நான் பண்ண வேல என்னன்னா, ராத்திரியே எல்லாத்தயும் டிக்கில ஏத்தி வெச்சுட்டேன், காலைல சீக்கிரம் கெளம்பலாம்னு. ஸ்கீ பூட்ஸோட வெளிக்கூடு கெட்டியான பிளாஸ்டிக், குளிர்ல அது கல்லு மாதிரி ஆயிடும், விரிக்கவே வராது. போதாக்குறைக்கு குளிருமேன்னு ரெண்டு ஜோடி காட்டன் சாக்ஸ் வேற. அன்னைக்கு இருவது நிமிஷம் போராடி மாட்டினப்போ பாதி தெம்பு பார்க்கிங்லயே போச்சு. அதனால எங்க மாட்டினாலும் சரி, மொதல்ல இத பண்ணுங்க: பூட்ஸ ராத்திரி வீட்டுக்குள்ள வைங்க, காலைல கார்ல முன் சீட்டுக்கு கீழ, ஹீட்டர் காத்து கால்ல அடிக்கற இடத்துல, பக்கிள் எல்லாம் தொறந்து வெச்சு கொண்டு போங்க. சாக்ஸ் ஒரே ஜோடி, மெல்லிசா, கம்பளி இல்லன்னா சிந்தெடிக், முட்டிக்கு கீழ வரைக்கும் நீளமா. காட்டன் வேர்வைய குடிச்சு வெச்சுக்கும், அப்புறம் அதுவே ஜில்லுன்னு ஆயிடும். மலைக்கு வந்து சேந்தப்புறம் புது சாக்ஸ் மாத்துறவங்களும் இருக்காங்க, ரெண்டு மணிநேரம் ஷூவுக்குள்ள வேர்த்த சாக்ஸோட பூட்ஸுக்குள்ள போக வேணாம்னு, நல்ல பழக்கம்தான்.

இப்போ விஷயத்துக்கு வரேன். காரா லாட்ஜான்னு கேட்டா, அது காருக்கும் பனிக்கும் எவ்ளோ தூரம்ங்கறத பொறுத்தது. (லாட்ஜ்னா நம்ம ஊர்ல ரூம் போடுற லாட்ஜ் இல்ல, மலை அடிவாரத்துல சாப்பாட்டுக்கடை, பாத்ரூம், பெஞ்ச் எல்லாம் இருக்கற பெரிய ஹால்.)

அரப்பஹோ பேசின், இங்க எல்லாரும் ஏ-பேசின்னு சொல்லுவாங்க, அங்க கண்ண மூடிட்டு கார்லயே மாட்டிக்கலாம். மலை மேல ஏத்திவிடற நாற்காலி லிஃப்டுக்கு பக்கத்துலயே ஒரு பார்க்கிங் இருக்கு, பேரு பீச், கடலும் கெடையாது மணலும் கெடையாது, ஆனா வசந்த காலத்துல அடுப்பு, மடக்கு நாற்காலி, நாய்க்குட்டின்னு கூட்டம் மெரினா கணக்கா இருக்கும். டிக்கிய தொறந்து அதோட விளிம்புல உக்காந்து மாட்டிட்டு அப்படியே நடந்து போயிடலாம். ஐசன்ஹோவர் டன்னலுக்கு சத்த முன்னாடி இருக்கற லவ்லேண்டும் இதே மாதிரிதான், பெருசா நடக்க வேணாம்.

கீஸ்டோன், பிரெக்கன்ரிட்ஜ், வெய்ல் (Vail) மலைங்க எல்லாம் வேற கத. வெய்ல்ல பார்க்கிங் கட்டடத்துல காரப் போட்டுட்டு ஊருக்குள்ள நடக்கணும், பிரெக்கன்ரிட்ஜ்ல ஊர்ல இருந்து ஃப்ரீ கோண்டோலா (கம்பில தொங்கிட்டு போற கூண்டு) பிடிச்சு மேல போகணும். அவ்ளோ தூரம் பூட்ஸ் போட்டு தார் ரோட்ல நடந்தா அடிப்பாகம் தேயும். தேஞ்சா என்னன்னு விட்றாதீங்க, விழும்போது ஸ்கீ கழண்டு கால காப்பாத்தறது பைண்டிங், அது பூட்ஸோட அடிப்பாக அளவ நம்பித்தான் வேல செய்யுது. புதுசா வர்ற பூட்ஸ் நெறையா கிரிப்வாக் சோல் போட்டு வருது, கொஞ்சம் வளைவா ரப்பரோட இருக்கும், அதுல நடக்கறது பரவால்ல, ஆனா உங்க பைண்டிங் அதுக்கு ஒத்துவருமான்னு கடைல கேட்டுக்கோங்க. எப்படி நடந்தாலும் மேல் பக்கிள லூசா விட்டுட்டு, குதிகால மொதல்ல வெச்சு நடங்க, படி எறங்கும்போது கைப்பிடிய விடாதீங்க.

கார்ல மாட்டுறதுக்கு ஒரு வரிசை இருக்கு. மொதல்ல ஸ்னோ பேண்ட்ட போட்டுக்கணும், ஏன்னா பூட்ஸ் மாட்டினப்புறம் அது ஏறாது. கீழ ஒரு பழைய கார் மேட்டோ யோகா மேட் துண்டோ போட்டுக்கோங்க, சாக்ஸ் கால் பனில படக்கூடாது, ஒருதடவ நனைஞ்சா அன்னைக்கு பூரா கால் வெறச்சுதான் போகும். குளிர் ஜாஸ்தின்னா டிக்கி விளிம்ப விட முன் சீட்ல பக்கவாட்டா திரும்பி உக்காந்து மாட்டுறது எவ்ளோவோ மேல், ஹீட்டர் ஓடிட்டு இருக்கும். பக்கிள் வெளிப்பக்கம் பாக்கணும், இல்லன்னா எடது வலது மாறிப்போச்சுன்னு அர்த்தம். பூட்ஸோட நாக்க நல்லா முன்னாடி இழுத்து, ரெண்டு கையாலயும் கூட்ட பக்கவாட்டுல விரிச்சு, கால நேரா உள்ள விடுங்க. உள்ள போட்ருக்கற தெர்மல் பேண்ட்ட பூட்ஸுக்குள்ள திணிக்காதீங்க, அந்த ஒரு சின்ன மடிப்பு மத்தியானத்துக்குள்ள கணுக்கால்ல கொப்புளம் ஆக்கிடும். அப்புறம் எழுந்து நின்னு குதிகால தரைல ரெண்டு தட்டு தட்டி, முட்டிய முன்னாடி மடக்கி பாத்துட்டு, கணுக்காலுக்கு மேல இருக்கற பக்கிள மொதல்ல மாட்டுங்க, அதுதான் குதிகால பின்னாடி தள்ளி உக்கார வைக்கும். விரல்கிட்ட இருக்கறது சும்மா பேருக்கு மூடினா போதும், இறுக்கினா ரத்தம் ஓடாது.

குனிஞ்சு மாட்டும்போது மூச்சு வாங்கினா பயப்படாதீங்க, ஏ-பேசினோட அடிவாரமே 10,780 அடி, நம்ம தொட்டபெட்டா உச்சிய விட 2,000 அடிக்கு மேல ஒசரம். ஒரு கால் மாட்டிட்டு தண்ணி குடிச்சுட்டு அடுத்த கால மாட்டுங்க, யாரும் வெரட்டல.

லாட்ஜுக்கு போறதா இருந்தா நடக்கறதுக்கு ஷூ போட்டுக்கிட்டு பூட்ஸ பைல தூக்கிட்டு போங்க. பூட்ஸ் பைன்னு தனியா விக்கறாங்க, ஐக்கியால விக்கற பெரிய நீலப் பையே போதும், பாதி பேரு அததான் தோள்ல மாட்டிட்டு வர்றாங்க. பெஞ்ச் கெடைக்கணும்னா லிஃப்ட் தொறக்கறதுக்கு அரைமணி முன்னாடியே உள்ள இருக்கணும். தரை பூரா உருகின பனி, அங்கயும் அந்த மேட் துண்டு வேணும். பாத்ரூம் போறவங்க மாட்டுறதுக்கு முன்னாடியே போயிடுங்க, ஈர டைல்ஸ்ல ஸ்கீ பூட்ஸ் வழுக்குற வழுக்குக்கு உசுரு கைல இருக்காது. ஷூவ எங்க வைக்கறது? காசு குடுத்து லாக்கர் எடுக்கலாம், இல்ல சில எடத்துல சும்மா தட்டுல வெச்சுட்டு போறாங்க. கோயில் வாசல்ல செருப்ப விட்டுட்டு உள்ள போனா மனசு செருப்புலயே நிக்குமே, எனக்கு அதே கததான், அதனால பழைய ஷூவா பாத்து போட்டுட்டு போவேன்.

ஸ்னோபோர்டு ஆளுங்களுக்கு இந்தத் தொல்லையே இல்ல. அவங்க பூட்ஸ் மெத்துன்னு இருக்கும், லேசுக்கு பதிலா கம்பிய இழுக்கற போவா சக்கரத்த ரெண்டு திருகு திருகினா இறுகிடும், எவ்ளோ தூரம்னாலும் நடக்கலாம், கார்லயே மாட்டிட்டு வேடிக்க பாத்துட்டு நிப்பாங்க. அதுக்குன்னு வீட்லயே மாட்டிட்டு வண்டி ஓட்டாதீங்க, பெடல் தெரியாது. ஸ்கீ பூட்ஸோட ஓட்டறத பத்தி நெனச்சே பாக்காதீங்க.

சின்னப் பசங்க கூட வந்தா உங்க பூட்ஸ மொதல்ல நடக்கற அளவுக்கு லூசா மாட்டிக்கோங்க, பசங்களுக்கு கடைசியா. மொதல்ல அவங்களுக்கு மாட்டிட்டா, நீங்க குனிஞ்சிருக்கற நேரத்துல அவங்க பனிக்குவியல் மேல ஏறியிருப்பாங்க, இல்லன்னா ஒண்ணுக்கு வருதும்பாங்க.

கார் இல்லாதவங்க டென்வர் யூனியன் ஸ்டேஷன்ல இருந்து வின்டர் பார்க் போற ரயில பிடிக்கலாம். வழில வர்ற மோஃபட் டன்னல் 6.2 மைல், அது முடியற எடத்துலயே ஸ்கீ மலை. டன்னல் இருட்டு வந்ததும் சீட்ல உக்காந்து மாட்ட ஆரம்பிச்சா வெளிச்சம் வரும்போது பக்கிள் போட்டு முடிச்சிருக்கலாம்.

சாயங்காலம் கழட்டுறதும் காலைல மாட்டின அதே எடத்துலதான், காய்ஞ்ச சாக்ஸ் ஒரு ஜோடி கார்ல வெச்சிருங்க. வீட்டுக்கு போனதும் பூட்ஸுக்குள்ள மெத்துன்னு இருக்கற லைனர காய வைங்க, காய்ஞ்சப்புறம் பக்கிள லேசா மூடி வைங்க, தொறந்தே கெடந்தா கூடு விரிஞ்சு ஷேப் போயிடும். கழட்டும்போது ஷூவ எடுத்து கார் கூரை மேல மட்டும் வெச்சுடாதீங்க, ஐ-70 ஹைவேல ஒத்த ஷூ கெடக்கறத ஒவ்வொரு சீசனும் பாக்கறேன்.