‘பலி’ என்று எழுதுமுன்

கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கம் எங்காவது வெடிச்சத்தம் கேட்டால், கொஞ்ச நேரத்தில் கைபேசிக்கு வரும் செய்தி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “துப்பாக்கிச்சூட்டில் ஒருவர் பலி.” தலைப்புக்கு அளவான வரிதான். ஆனால் சுட்டவன் அதில் எங்கேயும் இல்லை. டெங்குக் காய்ச்சலுக்கும் பஸ் விபத்துக்கும் மின்னலுக்கும் போடும் அதே ‘பலி’யைக் கொலைக்கும் போட்டுவிடுகிறோம். இந்தச் சொல்லைக் கையாள்வதில் நாம் செய்யும் பெரிய தவறு இதுதான்.

1983 ஜூலை 25ஆம், 27ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறைக்குள் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். “வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் பலி” என்று எழுதினால், சிறையில் தீப்பிடித்ததோ என்றுகூட ஒரு இளம் வாசகர் நினைக்கலாம். முதல் நாள் 35 பேரும் அடுத்த முறை 18 பேரும் அரசின் காவலில் இருந்தபோதே கொல்லப்பட்டார்கள். ‘கொல்லப்பட்டார்கள்’ என்று எழுதினால்தான் ‘யாரால்?’ என்ற கேள்வி எழும். ‘பலி’ அந்தக் கேள்வியை வரவிடாது. தலைப்பில் இடம் போதாது என்பார்கள். ‘சுட்டுக்கொலை’, ‘படுகொலை’ எல்லாம் அப்படியொன்றும் நீளமான சொற்கள் இல்லையே.

இன்னொரு விஷயம். தற்கொலைக் குண்டுதாரியையும் சேர்த்து “பத்துப் பேர் பலி” என்று எண்ணுவது. கொன்றவனும் கொல்லப்பட்டவர்களும் ஒரே கணக்கில் வந்துவிடுகிறார்கள். தயவுசெய்து பிரித்து எழுதுங்கள்.

பழைய தமிழில் பலி என்றால் படையல். முருகனுக்குக் கிடாயின் குருதி கலந்த அரிசியைப் பலியாக இடுவதைத் திருமுருகாற்றுப்படை சொல்கிறது. ஆனால் இரத்தம் கட்டாயமில்லை. “விருந்துவரக் கரைந்த காக்கையது பலியே” என்று குறுந்தொகையில் வருவது காகத்துக்கு வைத்த சோறு. தேவாரத்தில் சிவன் தேடிப்போகும் பலி, பிச்சை. பொன்னம்பலவாணேசுவரர் கோயில் பலிபீடத்தைப் பார்த்து, அங்கே ஆடு வெட்டுவார்களா என்று யாரும் கேட்பதில்லை. கத்தோலிக்கர்களின் திருப்பலியும் ஒப்புக்கொடுத்தல்தான். எல்லாவற்றிலும் ஒருவர் மனமுவந்து கொடுக்கிறார், கொடுப்பதற்கு ஒரு நோக்கம் இருக்கிறது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் திருப்பலி நடந்துகொண்டிருந்தபோது குண்டு வெடித்தது. அங்கே இறந்தவர்களை யாரும் யாருக்கும் படைக்கவில்லை. அவர்களைப் பற்றி எழுதும்போது “உயிர்ப்பலி கொடுத்தோம்” என்ற வரி எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. சாமி கும்பிடப் போனவர்களை ஒருவன் வந்து கொன்றான், அவ்வளவுதான். ‘கொலையுண்டோர்’ என்று சொல்லலாம், ‘உயிரிழந்தோர்’ என்றும் சொல்லலாம்.

‘பலிகடா’ வேறு மாதிரி. மேலதிகாரிகள் தப்பிக்கச் சிற்றூழியர் ஒருவர் மாட்டிவிடப்பட்டால் அவர் பலிகடா. அங்கே சொல் சரியாகப் பொருந்துகிறது. வெறுமனே பாதிக்கப்பட்டவர்களை எல்லாம் பலிகடா ஆக்க வேண்டாம்.

அப்புறம் எழுத்துப் பிழை. நம் பேச்சில் ழகரம் சரியாக ஒலிக்காததால், எழுதும்போது ‘பலிவாங்கினான்’ என்று விழுந்துவிடுகிறது. வஞ்சம் தீர்ப்பது பழிவாங்குவது. வெள்ளம் ஆட்களைக் கொண்டுபோனால் அது பலிவாங்கியது. செய்யாத குற்றத்தைத் தலையில் கட்டுவது ‘வீண்பழி’. அதை ‘வீண்பலி’ என்று எழுதினால் குற்றம் சாட்டப்பட்டவர் செத்தே போய்விட்டார் என்று அர்த்தமாகும். கனவு ‘பலித்தது’ என்பதிலும் இதே லகரம்தான், ஆனால் அது ‘பலன்’ வழியாக வந்த வேறொரு சொல்.

மாரடைப்பில் போனவரையும் ‘பலி’ என்கிறார்கள். ‘காலமானார்’ என்ற நல்ல சொல் இருக்கிறது.