ஆல்பம் அட்டையும் போஸ்டரும்: முதல்முறை வடிவமைப்பவர்களுக்கு

பாப் குழுவின் ஆல்பம் அட்டையை இன்று பெரும்பாலோர் பார்ப்பது கைபேசியில், கட்டைவிரல் நகத்தளவில்தான். அந்த அளவிலும் அது பளிச்சென்று தெரிய வேண்டும்.

1. படம்

பாடல்களை முழுசாகக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள். குழுவினரின் முகங்களையே வைப்பதென்றால், பீட்டில்ஸ் குழுவின் 'வித் த பீட்டில்ஸ்' ஆல்பம் அட்டையைப் பாருங்கள். 1963இல் புகைப்படக்காரர் ராபர்ட் ஃப்ரீமன் அதை எடுத்தது ஸ்டுடியோவில் அல்ல, இங்கிலாந்தின் போர்ன்மத் நகரத்து ஹோட்டல் ஒன்றில். பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம், பின்னால் இருண்ட திரை, நால்வருக்கும் கழுத்து மூடிய கறுப்பு ஸ்வெட்டர், அவ்வளவுதான். பாதி முகம் வெளிச்சத்திலும் பாதி நிழலிலுமாக விழுந்தது. எனக்கு இன்றும் அலுக்காத அட்டை அது.

இதை வீட்டிலேயே செய்யலாம். நேர் வெயில் விழாத ஜன்னலுக்குப் பக்கவாட்டில் குழுவினரை நிறுத்துங்கள். அறை விளக்கு, ஃபிளாஷ் இரண்டும் வேண்டாம். பின்னால் கறுப்புப் போர்வையைக் கட்டுங்கள். ஒரே வரிசையில் நின்றால் சதுரத்துக்குள் தலைகள் சின்னதாகிவிடும். ஃப்ரீமன் மூவரை மேலே வைத்து நான்காமவரான ரிங்கோவைக் கீழ் வலது மூலைக்குக் கொண்டுவந்தார், சதுரம் நிறைந்துவிட்டது.

தலைக்கு மேலும் கீழும் கொஞ்சம் வெற்றிடம் விட்டே எடுங்கள். போஸ்டருக்கு அது தேவைப்படும்.

2. அட்டை

ஜிம்ப் அல்லது கிருதாவில் (இரண்டும் படங்களைத் திருத்தும் இலவச மென்பொருள்கள்) 3000 × 3000 பிக்சலில், திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையில் கோப்பைத் திறங்கள். குழுவின் பெயருக்கு ஒரே எழுத்துருவைத் தடிமனாகப் பயன்படுத்துங்கள். வணிகப் பயன்பாட்டுக்கு அதற்கு அனுமதி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இணைய முகவரி, விலை எதையும் போடாதீர்கள், இசைத் தளங்கள் திருப்பி அனுப்பிவிடும்.

அப்புறம் ஒரு நகலை 64 பிக்சலுக்குச் சுருக்கிப் பாருங்கள். முகமும் நிழலும் கலங்கித் தெரிந்தால் எழுத்தைத் தொடாதீர்கள். படத்தை இன்னும் நெருக்கமாக வெட்டுங்கள்.

3. போஸ்டர்

ஏ3 தாள் 297 × 420 மி.மீ.; 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 3508 × 4961 பிக்சல். வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக்கோடு விழாமல் இருக்க, நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள்.

அதே படம், அதே எழுத்துரு. ஆனால் இங்கே தேதியும் இடமும்தான் முக்கியம். குழுவின் பெயருக்கு அடுத்தபடி அவைதான் பெரிதாக இருக்க வேண்டும். நேரம், டிக்கெட் விவரம் சிறியதாக இருக்கலாம். சதுரப் படத்தை இழுத்து நீட்டினால் முகம் கோணிவிடும், அதற்குத்தான் படமெடுக்கும்போது விட்ட அந்த வெற்றிடம்.

அச்சுக்குப் போகும் முன் அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே நிறமுறைக்கு மாற்றிப் பாருங்கள். திரையில் மின்னிய நீலமும் பச்சையும் மங்கும். மொத்தமாக அடிக்கும் முன் ஒரே ஒரு பிரதி வாங்கிச் சுவரில் ஒட்டி, தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து தேதியைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.