பேசாத தகப்பனும் மகனும்: யாழ்ப்பாணத்துக் காலப்படத்துக்குத் திரைக்கதை எழுதும் முறை

பிணங்கிய தகப்பனையும் மகனையும் வைத்து நகைச்சுவை கலந்த காலப்படம் ஒன்றை எழுத விரும்புபவர், பிணக்குக்கான காரணத்தை அந்தக் காலத்திலிருந்தே எடுக்க வேண்டும். இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலைபோன 1970களின் முற்பகுதி இதற்கு வாய்ப்பானது. அரசாங்க உத்தியோகமே பெரிதென்று நம்பும் தகப்பனுக்கு, படித்த மகன் தோட்டத்தில் இறங்கித் தன்னைவிடக் கூடச் சம்பாதிப்பது பொறுக்காது.

சிரிப்பைத் தனியொரு கோமாளியிடம் ஒப்படைக்காமல், அவர்கள் பேசாதிருப்பதிலிருந்தே வரவழையுங்கள். ஒரே விறாந்தையில் இருந்துகொண்டு, "இஞ்சாரும், உவரைச் சாப்பிட வரச்சொல்லும்" என்று தகப்பன் குசினிப் பக்கம் பார்த்துச் சொல்ல, "பசியில்லையெண்டு சொல்லுங்கோ அம்மா" என்று மகனும் அதே பக்கம் பார்த்துச் சொல்ல, தாய் எதையும் கடத்தாமல் இரண்டு கோப்பையிலும் சோற்றைப் போட்டு வைக்கும் காட்சி, பத்துப் பக்க முன்கதைக்கு மேலானது. அதே காட்சி இரண்டாம் முறை வரும்போது தாய் வீட்டில் இருக்கக் கூடாது.

காலப்பிழைகளையும் கவனியுங்கள். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி ரயில் வரலாம். இலங்கைக்கு 1979இல்தான் வந்த தொலைக்காட்சி வரக் கூடாது. பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களை ஊரிலேயே தேடிப் பிடிக்கலாம்; செல்பேசிக் கோபுரங்கள் படத்துக்குள் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு.