ஓட்டு மேல் நம்பிக்கை போன பிறகு நாம் செய்யும் தவறுகள்

"யாருக்குப் போட்டாலும் ஒன்றும் மாறப்போவதில்லை" என்று சொல்பவர்களை நான் சோம்பேறிகள் என்று நினைப்பதில்லை. அவர்களில் பலர் ஒரு காலத்தில் மற்றவர்களைவிட ஆர்வமாக இருந்தவர்கள்; விடிந்ததும் முதல் ஆளாக வரிசையில் நின்றவர்கள், ஒரு தலைவரை நம்பி வீட்டில் சண்டை போட்டவர்கள். எதுவும் எதிர்பார்க்காதவனுக்கு ஏமாற்றம் எங்கிருந்து வரும்? ஆகவே சலித்துப்போவதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். சலித்துப்போன பிறகு செய்கிற சில காரியங்கள்தான் தவறு. அவற்றில் பாதியை நானே செய்திருக்கிறேன்.

போகாமல் இருப்பதே எதிர்ப்பு என்று நினைப்பது

வாக்குச்சாவடிக்கு வராதவர் கோபத்தில் வரவில்லையா, காய்ச்சலா, தூங்கிப்போய்விட்டாரா என்று ஓட்டு எண்ணுகிறவர்களுக்குத் தெரியாது. நம் மௌனத்துக்கு அங்கே தனியாக ஒரு பெட்டி வைப்பதில்லை. ஆனால் எந்தத் தெரு ஓட்டு போடும், எந்தத் தெரு போடாது என்பது கட்சிக்காரர்களுக்கு அத்துப்படி. ஓட்டு போடாத தெருவில் அவர்கள் ஏன் நேரத்தைச் செலவழிக்க வேண்டும்?

சரி, யாரையும் பிடிக்கவில்லை என்று பதிவு செய்யலாமே என்றால், அதற்கு எவ்வளவு பலம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 2013ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து நோட்டா வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் இந்தூர் தொகுதியில் அதற்கு 2 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டுகள் விழுந்து இரண்டாவது இடம் கிடைத்தது. ஒரு பேச்சுக்கு அது முதலிடத்துக்கே வந்திருந்தாலும், வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவரே எம்.பி. ஆகியிருப்பார். விதி அப்படி. கொலம்பியாவில் கதை வேறு. அங்கே யாருக்கும் இல்லை என்று போடும் வெற்று ஓட்டு பாதிக்கு மேல் போனால், புதிய வேட்பாளர்களை வைத்து மறுபடி தேர்தல் நடத்தியாக வேண்டும். பெல்யோ என்ற நகரத்தின் மேயர் தேர்தலில் 2011ல் அதுதான் நடந்தது. ஆக, ஒன்று எரிச்சலைப் பதிவு செய்கிற பொத்தான், மற்றது தேர்தலையே ரத்து செய்யக்கூடியது. நம் கையில் இருப்பது எது என்று தெரிந்துகொண்டு அழுத்துவது நல்லது.

"என் ஒரு ஓட்டால் என்ன ஆகப்போகிறது?"

நேர்மையாகச் சொன்னால், பெரும்பாலான தேர்தல்களில் ஒன்றும் ஆகாது. லட்சக்கணக்கில் ஓட்டு விழும் இடத்தில் ஒரு ஓட்டு முடிவை மாற்றும் என்று ஆசை காட்டுபவர்களை எனக்குப் பிடிப்பதில்லை; அந்தப் பொய்யும் ஏமாற்றத்தில்தான் கொண்டுபோய் விடும். ஆனால் தேர்தல் சின்னதாகச் சின்னதாகக் கணக்கு மாறுகிறது.

2017ல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலச் சட்டசபைக்கு நடந்த தேர்தலைப் பாருங்கள். 94ஆம் தொகுதியில் முதல் எண்ணிக்கையில் டேவிட் யான்சி 10 ஓட்டு முன்னால் இருந்தார். மறு எண்ணிக்கையில் ஷெல்லி சைமன்ட்ஸ் 1 ஓட்டில் ஜெயித்தார். அப்புறம் ஒரே ஒரு வாக்குச்சீட்டு நீதிமன்றம் வரை போனது. யாரோ ஒரு வாக்காளர் இரண்டு பேருடைய பெயருக்கு நேராகவும் குறி போட்டு, ஒன்றை மட்டும் கோடு கிழித்து அடித்திருந்தார். நீதிபதிகள் அதை யான்சியின் கணக்கில் சேர்க்க, ஆளுக்கு 11,608 என்று சமமாகிவிட்டது. 2018 ஜனவரி 4 அன்று இரண்டு சீட்டுகளை ஒரு கிண்ணத்தில் போட்டு ஒன்றை எடுத்தார்கள். (குடவோலையை எப்போதோ மூட்டை கட்டி வைத்துவிட்டோம் என்று நினைத்திருந்தேன்.) யான்சி பெயர் வந்தது. அவர் கட்சிக்குச் சபையில் 51க்கு 49 என்று பெரும்பான்மை கிடைத்தது. மற்ற சீட்டு வந்திருந்தால் 50க்கு 50. அந்தத் தொகுதியில் "நான் போகாவிட்டால் என்ன" என்று வீட்டில் இருந்தவர்களில் இன்னும் ஒரே ஒருவர் கிளம்பியிருந்தால், கிண்ணத்துக்கே வேலை இருந்திருக்காது.

சைமன்ட்ஸ் 2019ல் அதே தொகுதியில் மறுபடி நின்று ஜெயித்தார். சீட்டுக் குலுக்கலில் தோற்ற ஒருவர் திரும்ப வந்து நின்றதுதான் எனக்கு இதில் பெரிய விஷயமாகப் படுகிறது.

இதையொட்டிய இன்னொரு தவறு, மேலேயே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பது. பிரதமர் யார், அதிபர் யார் என்று விடிய விடியப் பேசுவோம். நம் வார்டு உறுப்பினர் பெயரைக் கேட்டால் முழிப்போம். குடிநீர், குப்பை, தெருவிளக்கு எல்லாம் பெரும்பாலும் அவர் மட்டத்து வேலைகள். நம்மால் நேரில் போய்ப் பார்த்துக் கேட்க முடிகிற ஒரே ஆளும் அவராகத்தான் இருப்பார்.

கோபப்படுவதையே பங்கேற்பு என்று எண்ணிக்கொள்வது

இரவு பதினொரு மணிக்கு நாலு அரசியல் வீடியோ பார்த்து, இரண்டை வாட்ஸ்அப் குரூப்பில் தள்ளிவிட்டுப் படுத்தால், நாட்டுக்கு ஏதோ செய்த களைப்பு வந்துவிடும். செய்ததோ ஒன்றும் இல்லை. இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும்.

அதைவிட நுட்பமான தவறு புகார் எழுதும் விதத்தில் இருக்கிறது. எங்கள் தெருவில் மழைநீர்க் கால்வாயின் மூடி உடைந்து கிடந்தது. நான் இரண்டு பக்கத்துக்கு ஒரு மனு எழுதினேன். நிர்வாகச் சீர்கேடு, மக்கள் வரிப்பணம், அலட்சியப் போக்கு என்று எல்லாம் அதில் இருந்தது. மூடி எந்த இடத்தில் உடைந்திருக்கிறது என்பது மட்டும் இரண்டாம் பக்கத்தில், கடைசிக்கு முந்தைய வரியில் இருந்தது. பதிலே வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா அதை வாங்கிப் படித்துவிட்டு, "கட்டுரைப் போட்டிக்கா எழுதினீங்க?" என்று கேட்டார். அப்புறம் இருவரும் உட்கார்ந்து நாலே வரி எழுதினோம். பள்ளிக்கூட வாசலிலிருந்து மூன்றாவது மின்கம்பத்தின் அடியில் கால்வாய் மூடி உடைந்திருக்கிறது, இன்ன தேதியிலிருந்து, படம் இணைத்துள்ளோம், எப்போது மாற்றுவீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும். கீழே ஆறு வீட்டுக்காரர்கள் கையெழுத்து. ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கினோம். மூன்று வாரத்தில் ஆள் வந்தது, அளவு சரியில்லாத ஒரு மூடியோடு. மறுபடி நாலு வரி எழுதினோம்.

பதிலே சொல்லாத அலுவலகத்திடம் தகவல் கேட்க இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் சட்டம் இருக்கிறது. சுவீடன் 1766லேயே கொண்டுவந்தது. இந்தியாவில் 2005, இலங்கையில் 2016. இதிலும் அதே சூத்திரம்தான். "ஏன் ஊழல் செய்கிறீர்கள்" என்று கேட்டால் எதுவும் கிடைக்காது. இன்ன வேலைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது, பில்லின் நகல் வேண்டும் என்று கேட்டால் கிடைக்க வாய்ப்பு உண்டு.

ஒரு முறை முயன்றுவிட்டு முடிந்தது என்று விடுவது

நியூசிலாந்துப் பெண்கள் ஓட்டுரிமை கேட்டு 1891ல் நாடாளுமன்றத்துக்கு மனு கொடுத்தார்கள். 9,000க்கு மேல் கையெழுத்து, பலன் இல்லை. 1892ல் அதைப்போல் இரண்டு மடங்கு, அப்போதும் இல்லை. 1893ல் ஏறக்குறைய 32,000 கையெழுத்துகளோடு வந்தார்கள். இயக்கத்தை நடத்திய கேட் ஷெப்பர்ட், ஊர் ஊராக வந்த தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி ஒரு துடைப்பக் கட்டையில் சுற்றினாராம். ஆதரவான உறுப்பினர் ஒருவர் அதைச் சபையின் நடுவே உருட்டிவிட, அது விரிந்துகொண்டே போய் எதிர்ச் சுவரில் முட்டியது. மேலவையில் 20க்கு 18 என்று மயிரிழையில் மசோதா நிறைவேறி, செப்டம்பர் 19 அன்று சட்டமானது. இவ்வளவையும் செய்தவர்கள் கையில் அப்போது நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஓட்டே கிடையாது.

எல்லாப் பிரச்சினையையும் ஒருசேரத் தூக்கிச் சுமப்பவர்கள் இவ்வளவு தூரம் தாக்குப்பிடிப்பதில்லை. நீர்நிலையா, பள்ளிக்கூடமா, பேருந்தா, ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, கூட நாலு பேரைச் சேர்த்துக்கொண்டால் வருடக்கணக்கில் ஓட்டலாம். மற்றதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஒரே ஒரு நல்லவர் வந்து எல்லாவற்றையும் சரிசெய்வார் என்று காத்திருப்பதும் அடுத்த ஏமாற்றத்துக்கு நாமே போடும் முன்பதிவுதான்.

கடைசியாக, ரொம்பச் சாதாரணமான ஒரு தவறு: வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை என்பதை வாக்குப்பதிவு அன்று கண்டுபிடிப்பது. போன முறை இருந்தது என்பதற்காக இந்த முறையும் இருக்கும் என்று அர்த்தமில்லை. வீடு மாறியிருக்கலாம், எழுத்துப்பிழை நுழைந்திருக்கலாம், திருத்தத்தின்போது விடுபட்டிருக்கலாம். சேர்ப்பதற்கான கடைசித் தேதி பல இடங்களில் தேர்தலுக்கு முன்பே முடிந்துவிடும். தேர்தல் பேச்சே இல்லாத ஒரு மாதத்தில், வேறு ஏதோ தேடப் போன சாக்கில், இதையும் ஒரு ஐந்து நிமிடம் பார்த்து வைத்துவிடலாம்.